ஹாட்ஸ்பாட் டேட்டாவில் லினக்ஸ்: மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, படத்தை எதில் ஓட்டுவது?

தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீட்டில் பழுதாகிக் கிடப்பதெல்லாம் கண்ணில் படும். மிக்ஸி, டேபிள் ஃபேன், தண்ணி மோட்டார், கடைசியாக லேப்டாப். பாம்பனிலிருந்து மச்சான் ஒருவன் மஞ்சப்பையில் ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். மதுரையில் பழையதாக வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். யுஎஸ்பி வாயில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றுக்குத் தப்பிய உலோகம் எங்கள் ஊரில் ஏது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இவ்வளவு பழைய சில்லில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் தெரிந்த தம்பி ஒருவன் உபுண்டு 24.04 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்னை போய்விட்டான். நிறுவும்போது கூடுதல் மீடியா வடிவங்களுக்கான ஆதரவையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் அவன் டிக் போடவில்லை. மற்றதெல்லாம் அந்த ஒரு டிக்கின் விளைவு.

"மாப்ள, நெட்டுல படம் ஓடுது. போன்ல எடுத்தத காப்பி பண்ணிப் போட்டா ஓடமாட்டேங்குது. என்னமோ கோடெக் வேணும்ங்குது. அக்கா கல்யாண சிடி ரெண்டு இருக்கு, அதுவும் வரல. விஎல்சி இறக்குனேன், ஏறவே மாட்டேங்குது."

இறக்கியதைத் திறந்து பார்த்தேன். விஎல்சி என்ற படப் பிளேயர்தான், ஆனால் விண்டோஸுக்கான எக்ஸ்இ கோப்பு. நான் சிரிக்கவில்லை. முதல் மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

அவன் குழப்பம் அதோடு நிற்கவில்லை. "ஒருத்தன் ஸ்நாப்புங்குறான், ஒருத்தன் ஃபிளாட்பேக்குங்குறான், ஒருத்தன் கருப்புத் திரையில அடிங்குறான், இன்னொருத்தன் இதையே தூக்கிட்டு வேற லினக்ஸ் போடுங்குறான். நீ சொல்லு, எது?"

காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் வடகடலா தென்கடலா என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அதனால் நான் முதலில் அவனைக் கேட்டேன். நெட் எப்படி? போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, வீட்டுக்கு வெளியே திண்ணையில் வைத்தால்தான் சிக்னல். கரண்ட்? காற்று அடித்தால் போகும். பேட்டரி? செத்துவிட்டது, சொருகினால்தான் ஓடும். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? "நீதான்." இந்த நாலு பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதைச் சொல்கிறேன். வீட்டுக்கு ஃபைபர் இழுத்து, புது இயந்திரம் வைத்திருப்பவருக்கு இதே கேள்விக்கு விடை வேறு. அவரும் பின்னால் வருகிறார்.

முதல் வழி: களஞ்சியம்

விண்டோஸில் பழகியவர்கள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தளத்தைத் தேடிப் போவார்கள். லினக்ஸில் அப்படியில்லை. டிஸ்ட்ரோவை, அதாவது உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வகையைத் தருகிறவர்களே ஆயிரக்கணக்கான மென்பொருளைத் தொகுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்து, டிஜிட்டல் கையொப்பமிட்டு ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதுதான் களஞ்சியம். உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் அங்கிருந்து எடுத்துவரும் கருவி ஏபிடி. டெர்மினல் என்ற அந்தக் கருப்புத் திரையைத் திறந்து 'சூடோ ஏபிடி அப்டேட்' என்று ஒரு தடவை, பிறகு 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎல்சி' என்று ஒரு தடவை. ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடிக்கவேண்டும். சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு செய் என்பது, அதனால் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. விசைப்பலகை கெட்டுப்போச்சு என்று மச்சான் மூன்று தடவை என்னைப் பார்த்தான். தெரியாவிட்டாலும் பதிவாகிறது, அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதும்.

டேட்டாவைக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதுதான் மலிவு. விஎல்சிக்குத் தேவையான நூலகங்களில் (பல மென்பொருளுக்கும் பொதுவான நிரல் தொகுப்புகளில்) பாதி ஏற்கெனவே கணினியில் இருக்கும். இல்லாததை மட்டும் இறக்கும். ஒரே நூலகத்தைப் பத்து மென்பொருள் பங்குபோட்டுக்கொள்ளும். அப்டேட்டும் ஒரே இடத்திலிருந்து, நாம் சொல்லும்போது.

களஞ்சியத்தின் மேல் சொல்லப்படும் குறை, பதிப்பு பழசு என்பது. உண்மைதான். 24.04 போன்ற நீண்டகாலப் பதிப்பில், வெளியான அன்று இருந்த வரிசையே பெரும்பாலும் நிற்கும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தப் பழசு உன்னைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. விஎல்சியின் 3.0 வரிசை 2018 பிப்ரவரியில் வந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்காக அதே வரிசைக்குள்தான் திருத்தங்கள் வந்தன. கல்யாணப் படம் பார்க்கிறவனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்குத்தான் கேடன்லைவ் என்ற வீடியோ எடிட்டரின் பழைய பதிப்பு கையைக் கட்டும்.

இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் இருந்தால் தெரியும். ஏபிடி பாதி வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால், பேட்டரி இல்லாத லேப்டாப் சட்டென்று அணைந்துவிடும். மறுபடி எழுப்பினால் அடுத்து எதை நிறுவப் போனாலும், முந்தைய வேலை பாதியில் நிற்கிறது என்று முறைக்கும். பயப்பட ஒன்றுமில்லை. 'சூடோ டிபிகேஜி, இரட்டைக் கோடு கான்ஃபிகர், ஒற்றைக் கோடு ஏ' என்கிற கட்டளையை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். எந்தக் கட்டளை என்று திரையிலேயே எழுதிக் காட்டும், அதை அப்படியே பார்த்து அடிக்கலாம். ஆனாலும் புதிதாக வந்தவனுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அது. மச்சானிடம் சொல்லிவிட்டேன்: வாடைக்காற்றோ கச்சான்காற்றோ பலமாக அடிக்கிற நாளில் அப்டேட் பக்கம் போகாதே.

இரண்டாம் வழி: ஃபிளாட்பேக்

கரண்ட் விஷயத்தில் ஃபிளாட்பேக் கெட்டிக்காரன். முழுவதும் இறக்கிச் சரிபார்த்த பிறகுதான் பழையதிலிருந்து புதியதற்கு ஒரேயடியாக மாறும். நடுவில் கரண்ட் போனால் பழையது பழையபடி நிற்கும். கணினியின் அடிப்படைப் பொதிகளை அது தொடுவதே இல்லை, அதனால் ஒரு மென்பொருள் சொதப்பினாலும் வீடு இடியாது. ஃபிளாட்ஹப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து வருவதால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எதில் இருந்தாலும் ஒரே சரக்கு, புதுப் பதிப்பு.

ஆனால் விலை டேட்டாவில். ஒரு மென்பொருள் ஓட அதற்கான அடித்தளத் தொகுப்பு ஒன்று தனியாக வேண்டும், ரன்டைம் என்பார்கள். முதல் ஃபிளாட்பேக்கைப் போடும்போது அந்த ரன்டைமும் சேர்ந்து இறங்கும். சில நூறு எம்பியில் தொடங்கி ஒரு ஜிபியையும் தாண்டலாம். மச்சானின் ஒருநாள் டேட்டா ஒரே படப் பிளேயருக்குப் போய்விடும். அடுத்தடுத்த மென்பொருள் அதே ரன்டைமைப் பயன்படுத்தினால் செலவு குறையும். வேறு ரன்டைம் கேட்டால் மறுபடி தண்டம். ஒன்றிரண்டு மென்பொருளுக்காக ஃபிளாட்பேக் போடுவது, ஒரு கிலோ நகரை மீன் வாங்க ராமநாதபுரத்துக்குத் தனி வண்டி பிடிப்பது மாதிரி. பத்துப் பேர் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும்.

இன்னொரு சங்கதி: ஃபிளாட்பேக் மென்பொருள் தனக்கென்று ஒரு வேலிக்குள் ஓடுகிறது. சிலவற்றுக்கு உன் பென்டிரைவ் கண்ணுக்கே தெரியாது. கோப்பு அங்கேதான் இருக்கும், மென்பொருள் இல்லை என்று சாதிக்கும். ஃபிளாட்சீல் என்ற சின்னக் கருவியில் போய் அனுமதியைத் திறந்துவிடவேண்டும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பென்டிரைவிலேயே உலகம் நடத்தும் எங்கள் ஊருக்கு இது முதல் நாளே வரும் தலைவலி.

உபுண்டுவில் ஃபிளாட்பேக் கூடவே வருவதில்லை, நாம்தான் சேர்க்கவேண்டும். மின்ட்டில் உள்ளேயே இருக்கிறது. மின்ட் 22 முதல், உருவாக்கியவரே வெளியிட்டது என்று உறுதிசெய்யப்படாத ஃபிளாட்பேக்குகளை அங்கே முன்னிருப்பாகக் காட்டுவதில்லை. புதிதாக வருபவர்களுக்கு நல்ல காவல் அது.

ஸ்நாப், ஆப்இமேஜ், நேரடி டெப்

ஸ்நாப் உபுண்டுவைத் தரும் கெனானிகல் நிறுவனத்தின் முறை. உபுண்டுவின் ஆப் சென்டரில் விஎல்சி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஸ்நாப்தான். டெபியன் பொதிகள் என்று வடிகட்டியை மாற்றினால்தான் களஞ்சியச் சரக்கு தெரியும். ஃபிளாட்பேக் மாதிரியே அடித்தளத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கவனிக்கவேண்டியது அப்டேட். முன்னிருப்பாக ஒரு நாளைக்கு நாலு தடவை புதுசு இருக்கிறதா என்று அது தானாகவே பார்த்து இறக்கிக்கொள்ளும். அலுவலகத்தில் வசதி, ஹாட்ஸ்பாட்டில் ஓட்டைக்குடம். உபுண்டுவின் வைஃபை அமைப்பில் இந்த இணைப்புக்கு டேட்டா வரம்பு உண்டு என்று குறித்து, ஸ்நாப்புக்கும் அப்படிப்பட்ட இணைப்பில் அப்டேட்டை நிறுத்திவை என்று ஒரு கட்டளை கொடுக்கலாம். மச்சானின் ஃபயர்பாக்ஸ் ஸ்நாப்பாக வந்தது. அதை மாற்றவில்லை, டேட்டாக் கதவை மட்டும் அடைத்தேன்.

ஆப்இமேஜ் என்பது ஒரே கோப்பு. இறக்கு, வலது சொடுக்கில் இயக்க அனுமதி கொடு, இரட்டைச் சொடுக்கு. நிறுவல் என்பதே இல்லை, பென்டிரைவில் எடுத்துப் போகலாம். கேட்க இனிக்கும். உபுண்டு 22.04 முதல் அதற்குத் தேவையான பழைய ஃபியூஸ் நூலகம் முன்னிருப்பாக வருவதில்லை, அதனால் புதிதாக வந்தவர் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது, பிழைச்செய்திகூடக் கண்ணில் படாது. தானாக அப்டேட்டும் ஆகாது. ஒரு மென்பொருளை ஒருநாள் ஓட்டிப் பார்க்க நல்லது.

தளத்திலிருந்து நேராக இறக்கும் டெப் கோப்பு, அதாவது ஏபிடி நிறுவும் அதே வகைப் பொதி: குரோம் போன்ற ஒன்றிரண்டுக்குச் சரி. குரோமின் டெப் தன் களஞ்சியத்தையும் கணினியில் பதிந்துவிடுவதால் அப்டேட் வந்துகொண்டிருக்கும். மற்றபடி ஏதோ ஒரு தளத்தில் கிடைத்ததைச் சூடோ கொடுத்து ஏற்றுவது, முகம் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான். யாரோ எழுதிய ஒரு வரிக் கட்டளையைப் பார்த்துப் புரியாமல் ஒட்டுவதும் அதேதான்.

ஆக மச்சானுக்கு: எல்லாம் களஞ்சியத்திலிருந்து, ஏபிடியில். ஃபிளாட்பேக்கைச் சேர்க்கவே இல்லை.

படம் ஏன் சில இடத்தில் ஓடுகிறது, சில இடத்தில் ஓடவில்லை

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எம்பி4 என்பது ஒரு டப்பா. உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். போன் கேமராவும் வாட்ஸ்அப்பும் பெரும்பாலும் தருவது எச்.264 படம், ஏஏசி ஒலி. இவற்றின் மேல் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால் சில டிஸ்ட்ரோக்கள் முதலிலேயே அவற்றை ஏற்றித் தருவதில்லை, நீயே கேட்டுப் போட்டுக்கொள் என்கின்றன. எம்பி3க்கும் ஒருகாலத்தில் இதே கதைதான். 2017-ல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. அதனால்தான் மச்சானின் பழைய பாட்டெல்லாம் பாடியது, வீடியோ மட்டும் படுத்தது. வாட்ஸ்அப் குரல் பதிவும் ஓடியது. அது ஓபஸ் என்ற திறந்த கோடெக், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பிரவுசரில் ஓடுவதும் பிளேயரில் ஓடாததும் ஏன்? உபுண்டுவின் ஃபயர்பாக்ஸ் ஸ்நாப் என்பதால் தனக்கு வேண்டிய கோடெக்கைத் தன் கூட்டத்தோடு கொண்டுவந்துவிடுகிறது. உபுண்டுவோடு வரும் வீடியோ பிளேயரோ ஜிஸ்ட்ரீமர் என்ற பொது அமைப்பை நம்பியிருக்கிறது. அதில் அந்தக் கோடெக்குக்கான செருகு (பிளக்-இன்) இல்லையென்றால் கைவிரிக்கும். மின்ட், டெபியனில் இதுவே தலைகீழ். அங்கே ஃபயர்பாக்ஸ் எச்.264க்குக் கணினியில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தேடும். அது இல்லையென்றால் யூடியூப் ஓடும், ஏனென்றால் யூடியூப் விபி9, ஏவி1 போன்ற திறந்த வடிவங்களிலும் தருகிறது. ஒரு செய்தித் தளத்தின் வீடியோ ஓடாது. இது தெரியாமல் நெட்டைத் திட்டியவர்கள் நிறைய.

தீர்வுக்கு இரண்டு பாதை. ஒன்று, விஎல்சி. 1996-ல் பாரிஸ் பக்கத்தில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. கண்டதையெல்லாம் தின்னும். களஞ்சியத்திலிருந்து போட்டால் தேவையான டிகோடர் நூலகங்களும் கூடவே வந்துவிடும், ஜிஸ்ட்ரீமரைக் கெஞ்சவேண்டியதில்லை. இரண்டாவது, மொத்தக் கோடெக் தொகுப்பு: உபுண்டுவில் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்', மின்ட்டில் 'மின்ட் மெட்டா கோடெக்ஸ்'. இதைப் போட்டால் எல்லாப் பிளேயருக்கும் பலன்.

எது? படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் விஎல்சி ஒன்றே போதும், டேட்டாவும் மிச்சம். வீடியோ வெட்டுவது, பாட்டுத் தொகுப்பை ரிதம்பாக்ஸில் வைத்துக் கேட்பது என்று போனால் கோடெக் தொகுப்பையும் போடு. மச்சானுக்கு இரண்டையும் போட்டேன். உபுண்டுவோடு வந்த பிளேயரில் சொடுக்கிவிட்டு ஓடவில்லை என்று அவன் மறுபடி மண்டபத்துக்கு வண்டியேறக்கூடாது பாருங்கள். உபுண்டு தொகுப்பைப் போடும்போது நடுவில் திரை நிறைய ஓர் உரிம ஒப்பந்தம் வந்து நிற்கும், மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்காக. அங்கே மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையை அழுத்தினால் ஓகே பளிச்சென்று நிறம் மாறும், அப்புறம் என்டர். இங்கே மாட்டிக்கொண்டு கணினியை அணைத்தவர்களை எனக்குத் தெரியும். அணைத்தால் மேலே சொன்ன டிபிகேஜி கதைதான்.

எல்லாம் போட்ட பிறகும் பென்டிரைவில் இருந்த சில வீடியோ தடங்கித் தடங்கி ஓடியது. பாம்பன் பாலத்துக்கு மேல் நின்று எடுத்த 4கே படம். மச்சான் முகம் சுருங்கியது. "இன்னும் ஏதோ கோடெக் பாக்கி போல மாப்ள." இல்லை. படம் தெரிகிறது, ஒலி வருகிறது என்றால் கோடெக் இருக்கிறது. இயந்திரத்துக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அந்தப் படங்கள் எச்.265-ல் எடுத்தவை, எச்இவிசி என்பதும் அதைத்தான். 2013-ல் வந்த முறை, பாதி இடத்தில் அதே தரம், ஆனால் பிரித்தெடுக்க உழைப்பு அதிகம். இன்டெல் சில்லுகளில் அதைத் தனி வன்பொருளே பார்த்துக்கொள்வது 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான். மூன்றாம் தலைமுறை ஐ3 தலையால் தண்ணி குடித்தாலும் 4கே எச்.265 சீராக ஓடாது. விண்டோஸ் போட்டாலும் இதே கதைதான். இனிமேல் எடுப்பதற்குப் போன் கேமரா அமைப்பில் எச்.264, 1080பி என்று மாற்றிக் கொடுத்தேன். எடுத்து முடித்ததை ஹேண்ட்பிரேக்கில் எச்.264 ஆக மாற்றலாம். நேரம் பிடிக்கும், தடைக்காலத்தில் நேரத்துக்கா பஞ்சம்?

அக்கா கல்யாண சிடி

இது தனிக் கதை. 2003-ல் தங்கச்சிமடத்தில் நடந்த கல்யாணம், வீடியோ சிடி இரண்டு. லேப்டாப்பின் டிரைவ் செத்துவிட்டது, என்னிடம் இருந்த வெளி டிரைவைச் சொருகினோம். வட்டைத் திறந்தால் ஓர் அடைவில் டேட் என்ற வால்வைத்த கோப்பு தெரியும். அதை விண்டோஸ் பழக்கத்தில் காப்பி செய்து ஒட்டினால் லினக்ஸ் படிப்புப் பிழை என்று பாதியில் நிறுத்தும். வட்டு போச்சு என்று நிறையப் பேர் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வட்டில் குறையில்லை. வீடியோ சிடி படத்தைச் சாதாரணக் கோப்பு மாதிரி எழுதுவதில்லை, வேறு வகைப் பகுதிகளில் எழுதும். அதனால் சாதாரண நகலெடுப்பு அங்கே தோற்கும்.

விஎல்சியில் மீடியா பட்டியலுக்குள் வட்டைத் திற என்று போய், டிவிடி அல்ல, விசிடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் நேராக ஓடும். கணினிக்குள் சேமித்து வைக்க, களஞ்சியத்தில் விசிடி இமேஜர் என்ற பொதி இருக்கிறது. அதோடு வரும் விசிடிஎக்ஸ்ரிப் கருவி வட்டிலிருந்து எம்பெக் கோப்பாகப் பிரித்துத் தரும். படம் எம்பெக்-1, 352க்கு 288 புள்ளி. பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதை மேம்படுத்துகிறேன் என்று மாற்றி மாற்றிச் சுருக்காதீர்கள், உள்ளதும் போய்விடும். பிரித்த கோப்பை அப்படியே வையுங்கள்.

டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண ஸ்டுடியோ எழுதிக்கொடுத்த டிவிடிக்குப் பூட்டு இருக்காது, விஎல்சி போதும். கடையில் வாங்கிய சினிமா டிவிடியில்தான் பூட்டு. அதற்கு உபுண்டுவில் லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியை நிறுவி, அதை மறுபடி கான்ஃபிகர் செய்யவேண்டும்.

வேறு லினக்ஸுக்கு மாறலாமா

படம் ஓடவில்லை என்பதற்காக ஓஎஸ்ஸை மாற்றாதீர்கள். உபுண்டு 24.04-ன் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி, மின்ட் 22 அதில் பாதி. கோடெக் தொகுப்பு அதற்கு முன்னால் கொசு.

புதிதாகப் போடப்போகிறவர் கேட்டால் வேறு. மின்ட் 22, உபுண்டு 24.04-ன் மேல் கட்டியது, 2029 வரை அப்டேட். நிறுவும்போதே மல்டிமீடியா கோடெக் கட்டம் வரும், விட்டுவிட்டாலும் வரவேற்புத் திரையிலும் மெனுவிலும் மறுபடி போட வழியுண்டு. 4 ஜிபி ராமுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகு. தம்பி முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டெபியனில் எச்.264 உட்பட எஃப்எஃப்எம்பெக் முதன்மைக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் வைஃபைக்கான ஃபர்ம்வேரும் நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. உறுதியான ஆள்தான். ஆனால் நிறுவும்போது ரூட் என்ற முதன்மை நிர்வாகிக்குத் தனிப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் சூடோ வேலை செய்யாது என்பது போன்ற சின்னச் சின்ன முள் உண்டு.

ஃபெடோரா புதுமை விரும்பிகளுக்கு. காப்புரிமை விஷயத்தில் கறார், குறைக்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக்தான் வரும். ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து முழுதாக மாற்றிக்கொள்ளவேண்டும். 2022-ல் எச்.264, எச்.265க்கான ஏஎம்டி வன்பொருள் ஆதரவையும் அடிப்படையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் ஆர்பிஎம் ஃபியூஷனுக்குத்தான் போகவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 13 மாத அளவில்தான் ஆதரவு. ஹாட்ஸ்பாட்காரனுக்கு ஒத்துவராது.

கீழக்கரை காக்காவுக்கு வேறு விடை

இதே வாரத்தில் கீழக்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காக்கா (அந்தப் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் போன் செய்தார். "தம்பி, நிக்காஹ் வீடியோவெல்லாம் லினக்ஸ்ல வெட்டலாம்ங்கிறாங்களே, எதைப் போடணும்?" ஃபைபர் இருக்கிறது, 16 ஜிபி ராம், யூபிஎஸ் இருக்கிறது. துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் படம் அனுப்பவேண்டும், மகன் பார்த்துக்கொள்வான்.

மச்சானுக்கு வேண்டாம் என்றதையெல்லாம் அவருக்கு வேண்டும் என்றேன். அடிப்படைக்கு மின்ட், மேலே கேடன்லைவ், ஓபிஎஸ் என்ற பதிவுக் கருவி, ஹேண்ட்பிரேக் மூன்றும் ஃபிளாட்பேக்காக. ஓபிஎஸ், ஹேண்ட்பிரேக் இரண்டையும் உருவாக்கியவர்களே ஃபிளாட்ஹப்பில் வெளியிடுகிறார்கள். புதுப் பதிப்பு உடனே கிடைக்கும், ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும், மூன்று சேர்ந்தால் ரன்டைம் செலவும் பெரிதாகத் தெரியாது. விஎல்சியும் கோடெக் தொகுப்பும் அங்கேயும் களஞ்சியத்திலிருந்துதான். வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படத்தைக் கேடன்லைவ் பார்க்க மறுத்தால் ஃபிளாட்சீல் என்று ஒரு சொல்லை எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன். அனுப்பும் படத்தை எச்.264-லேயே வையுங்கள் காக்கா, அங்கே பெரியவர்கள் பழைய டிவியில் சொருகிப் பார்ப்பார்கள் என்றேன். "அது எனக்குத் தெரியாதா தம்பி" என்றார்.

மச்சான் கிளம்பும் முன் ஒரு வேலை செய்தோம். ஏபிடி என்று அடித்து நிறுவினால், இறக்கிய டெப் கோப்புகளை நிறுவி முடித்ததும் அழித்துவிடும். ஏபிடி-கெட் என்று அடித்தால் வைத்திருக்கும். நான் இரண்டாவதைத்தான் அடித்திருந்தேன். விஎல்சி, கோடெக் தொகுப்பு, விசிடி இமேஜர் எல்லாம் வேர் அடைவில் வார் என்பதற்குள் கேஷ், அதற்குள் ஏபிடி, அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் குவிந்து கிடந்தன. அப்படியே ஒரு பென்டிரைவில் அள்ளிக்கொண்டேன். அடுத்து வருகிற லேப்டாப்புக்கு நெட் இல்லாமலே போடலாம். எழுத்துருக்கள் மட்டும் நிறுவும் நேரத்தில் நெட்டிலிருந்து இறங்குபவை, அவற்றை விட்டுவிடலாம். மூடியில் 24.04 என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். மின்ட் 22-க்கும் பெரும்பாலும் செல்லும். 22.04-ம் மின்ட் 21-ம் வைத்திருப்பவர்கள் கேட்டால் கொடுப்பதில்லை, அவர்களுக்குத் தனியாக இன்னொன்று அள்ளவேண்டும்.